பிரிட்டிஷ் ஸ்பீட்வேயின் இரண்டாம் அடுக்கில் 2018 இறுதிப் போட்டியில் ஓடிய இரண்டு அணிகளும் 2019இல் இல்லை. ஏன்?

செம்மண்_சுற்று

பிரிட்டிஷ் ஸ்பீட்வேயின் (மண் சுற்றில் நடக்கும் பைக் பந்தயம்) இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப் லீக்கைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 2018 சீசன்தான். அந்த வருஷம் வொர்கிங்டன் காமெட்ஸ் அந்த லீக்கை வென்றது, நாக்-அவுட் கோப்பையை வென்றது, சாம்பியன்ஷிப் ஷீல்டையும் வென்றது. கையில் கிடைக்கக்கூடிய மூன்றும் ஒரே சீசனில். கம்பிரியா கடற்கரையில் இருக்கும் சின்ன ஊர் அது. நிலக்கரியும் இரும்பும் போன பிறகு சனிக்கிழமை சாயங்காலம் ஊரே கூட ஒரு காரணம் இருந்ததென்றால் அதில் ஸ்பீட்வேயும் ஒன்று.

லீக் இறுதிப் போட்டியில் எதிரே நின்றது லேக்சைட் ஹாமர்ஸ். எஸெக்ஸில் அவர்கள் காலங்காலமாக ஓடிய அரீனா எஸெக்ஸ் மைதானத்தை அந்த சீசன் முடிவதற்குள்ளேயே காலி செய்யவேண்டி வந்தது. கடைசி சில 'சொந்த மைதான' போட்டிகளை ரை ஹவுஸ் என்ற வேறொரு மைதானத்தில் போய் நடத்தினார்கள். சொந்த இடமில்லாத ஒரு அணி இறுதிவரை வந்ததே பெரிய விஷயம்.

அடுத்த வசந்தத்தில் 2019 சீசன் தொடங்கும்போது பட்டியலைப் பார்த்தால் இரண்டு பெயருமே இல்லை. லேக்சைடுக்கு மைதானம் போய்விட்டது. மூன்று கோப்பை வைத்திருந்த வொர்கிங்டனோ கூட்டம் போதவில்லை, செலவு கட்டவில்லை என்று கதவைச் சாத்தியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த லீக்கில் ஒரு அணி பிழைப்பதற்கும் அது ஜெயிப்பதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. ஓடும் சுற்றுப்பாதை யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

புதுவரவு

அண்ணா, நான் இப்போதுதான் ஸ்ட்ரீமிங்கில் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். நாலு பேர் நாலு சுற்று ஓடுகிறார்கள், அது புரிகிறது. அணி எப்படி ஜெயிக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. அப்புறம், இரண்டாம் அடுக்கு என்றால் முதலில் வருபவர்கள் மேல் லீக்குக்கு ஏறுவார்களா?

ஹீட்_பதினைந்து

தம்பி, வரிசையாகச் சொல்கிறேன்.

ஓர் அணிக்கு ஏழு பேர். ஒரு மேட்சுக்கு பதினைந்து ஹீட், அதாவது பதினைந்து தனித்தனி ஓட்டம். ஒவ்வொரு ஹீட்டிலும் ஓர் அணியிலிருந்து இரண்டு பேர். சொந்த அணிக்காரர்களுக்குச் சிவப்பு, நீல ஹெல்மெட் உறை. வந்த அணிக்கு வெள்ளை, மஞ்சள். முதலில் வந்தால் 3 புள்ளி, அடுத்து 2, அடுத்து 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. ஆக ஒரு ஹீட்டில் 6 புள்ளி, மேட்ச் முழுக்க 90. யார் 46ஐத் தொடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. 45-45 என்றால் டிரா.

தன் கூட்டாளிக்கு நேர் பின்னால், எதிரணிக்காரர் ஒருவரையாவது முந்தி வந்தால் அந்த வீரருக்கு போனஸ் புள்ளி உண்டு. அது அணியின் கணக்கில் சேராது. ஆனால் அவருடைய சராசரியிலும் (ஒரு மேட்சுக்கு அவர் சராசரியாக எடுக்கும் புள்ளி) சம்பளத்திலும் சேரும். கூட்டாளியை முந்துவதற்காக உயிரைக் கொடுக்க வேண்டாம், சேர்ந்து ஓடு என்பதற்காக வைத்த ஏற்பாடு. நல்ல ஜோடி என்றால் ஒருவர் வெளிப்பக்கம் போய் எதிராளியை அடைத்துக்கொண்டு, உள்ளே கூட்டாளிக்கு வழி விடுவார். அதைப் பார்க்கத்தான் பலபேர் மேட்சுக்கு வருகிறார்கள்.

பதினைந்தாவது ஹீட்டுக்கு மட்டும் யாரை இறக்குவது என்று அணி மேலாளரே தேர்வு செய்வார். ஸ்கோர் 42-42 என்று நிற்கும்போது அந்த ஹீட்டுக்குத் தொடக்கக் கேட்டின் டேப் ஏறும் நேரத்தில் மைதானத்தில் பேச்சுச் சத்தமே இருக்காது. என் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

பைக்கைப் பற்றி: 500 சிசி, ஒரே கியர், பிரேக் கிடையாது, எரிபொருள் மெத்தனால். நாலு சுற்றும் சுமார் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். எப்போதும் இடப்பக்கமாகத்தான் திரும்புவார்கள். வளைவில் இடது காலை ஊன்றி வழுக்கிக்கொண்டே போவதால் அந்த பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு கட்டியிருக்கும்.

இனி உன் இரண்டாவது கேள்வி. ஏற்றம் இறக்கம் கிடையாது. எந்த லீக்கில் ஓடுவது என்பது அணி உரிமையாளரின் கணக்கு. 2018இல் சாம்பியன்ஷிப்பில் ஓடிய இப்ஸ்விச்சும் பீட்டர்பரோவும் 2019இல் மேலே போனது அவர்களாகவே எடுத்த முடிவு. அதே வருஷம் மேலேயிருந்து கீழே வந்த லெஸ்டர் 2019 சாம்பியன்ஷிப்பை வென்றது. 2018இல் மேல் லீக்கின் சாம்பியனாக இருந்த பூல் பைரேட்ஸ் 2020 சீசனுக்குத் தானாகவே கீழே இறங்கியது. கொரோனாவால் அந்த சீசன் நடக்கவில்லை, அதனால் 2021இல்தான் ஓடினார்கள்.

மெத்தனால்_வாசம்

செம்மண் அண்ணே, நிலம் நிலம் என்கிறீர்கள். எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. ஜெயித்த அணியைச் சேர்த்து வைத்திருக்க விடாத விதி. ஏழு பேரின் சராசரியைக் கூட்டினால் ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. அந்த வரம்பு எவ்வளவு என்று ஒவ்வொரு குளிர்காலமும் உரிமையாளர்கள் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். ஒரு சீசன் நன்றாக ஓடினால் எல்லோருடைய சராசரியும் ஏறிவிடும். அடுத்த வருஷம் கூட்டிப் பார்த்தால் வரம்பைத் தாண்டும். யாரையாவது அனுப்பித்தான் ஆகவேண்டும்.

ஒரு ஊர்க்காரன் ஏழு மாசம் கத்திக் கத்தி ஆதரித்த பையனை அடுத்த ஏப்ரலில் எதிரணி உடையில் பார்க்கிறான். நன்றாக ஓடியதற்குத் தண்டனை. இப்படி இருந்தால் கூட்டம் எப்படி நிலைக்கும்?

செம்மண்_சுற்று

அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் அந்த வரம்பு இல்லாவிட்டால் பணமிருக்கும் இரண்டு அணி நல்ல வீரர்களையெல்லாம் அள்ளிக்கொள்ளும், மற்றவர்களுக்கு ஜூன் மாசமே சீசன் முடிந்துவிடும். அதோடு, இதே விதிக்குள்தான் பூல் 2021லும் 2022லும் தொடர்ந்து லீக்கை வென்றது, 2024இல் மறுபடியும். திட்டமாகத் தேடிப் பிடித்தால் முடிகிறது. சராசரி குறைவாக இருக்கும், ஆனால் அந்த வருஷம் ஏறப்போகிற பையன் யார் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த லீக்கில் மேலாளரின் வேலை. எனக்கு அது பிடித்தமான பகுதியும்கூட.

வொர்கிங்டனை வரம்பு கொல்லவில்லை. வரம்பு பற்றிய பேச்சு அவர்களுக்கு வருவதற்கு முன்பே கணக்குப் புத்தகம் முடித்துவிட்டது. டெர்வென்ட் பார்க் ரக்பி லீக் அணியான வொர்கிங்டன் டவுனின் மைதானம். ஸ்பீட்வே அங்கே வாடகைக்கு. வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரைக் கேட்கவேண்டிய நிலைதான். உணவுக்கடை, பார், விளம்பரப் பலகை, வேறு நாட்களில் வேறு நிகழ்ச்சி என்று வருமானம் வரும் வழிகள் எதுவும் முழுசாக உன் கையில் இருக்காது. மழையால் ஒரு சனிக்கிழமை போனால் போனதுதான்.

கிளைட்_கரை

இங்கே கிளாஸ்கோவிலிருந்து எழுதுகிறேன். இங்குள்ள அணியின் ஆஷ்ஃபீல்டு மைதானத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் போய்வருவதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிளாஸ்கோ டைகர்ஸ் 2019 இறுதிப் போட்டியில் லெஸ்டரிடம் தோற்றது. 2021 இறுதியில் பூலிடம் தோற்றது. ஒவ்வொரு அக்டோபரும் பக்கத்தில் வந்து கைவிட்டுப் போகும். கடைசியாக 2023இல் அதே பூலை வீழ்த்திப் பட்டம் வாங்கினோம். அதற்கு முன் லீக்கை வென்றது 2011இல்.

இத்தனை தோல்விக்கு நடுவிலும் இந்த அணி அடுத்த வருஷம் இருக்குமா என்ற பயம் எங்களுக்கு வரவில்லை. ஃபாசென்னா குடும்பம் பொறுப்பேற்ற பிறகு மைதானத்தையே புதுப்பித்தார்கள். மேட்சுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிவர முடிகிறது. வொர்கிங்டன் மூன்று கோப்பையோடு மூடியதையும், நாங்கள் இரண்டு இறுதிப் போட்டி தோற்று நிலைத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செம்மண் சொல்வது சரிதான்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் வளைவின் வேலியோரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். டேப் மேலே போனதும் நாலு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வருவார்கள். பின் சக்கரம் வாரியடிக்கும் ஷேல் மண் (சுற்றில் போட்டிருக்கும் பொடிக்கல்) வேலியைத் தாண்டி முகத்தில் வந்து விழும். பக்கத்தில் நிற்கும் எழுபது வயதுப் பாட்டி அதைத் துடைத்துவிட்டு, கழுத்தில் மாட்டியிருக்கும் அட்டையில் நிகழ்ச்சிப் புத்தகத்தை வைத்து, கயிற்றில் கட்டிய பேனாவால் 3, 2, 1, 0 என்று குறித்துக்கொள்வார். போனஸ் புள்ளிக்கு ஒரு சின்னக் கோடு. அவருக்கு எந்த வீரரின் சராசரி எவ்வளவு என்பது மனப்பாடம்.

மெத்தனால்_வாசம்

அக்கா, பூலை மறந்துவிட்டீர்களே. விம்போர்ன் ரோடு மைதானம் அவர்களுடையதா? இல்லை. நகராட்சியுடையது. நாய்ப் பந்தயமும் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது, 2020இல் அது நின்றுவிட்டது. ஆனாலும் பூல் நிற்கிறது, ஜெயிக்கவும் செய்கிறது. வாடகைக்காரனால் வாழ முடியாது என்ற வாதம் அங்கே உடைகிறது.

கிளைட்_கரை

பூலுக்குக் கூட்டம் இருக்கிறது. புதன்கிழமை என்றால் ஸ்பீட்வே என்பது அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். பெரிய ஊர், கோடையில் கடற்கரைக்கு வருகிறவர்களும் உண்டு. வொர்கிங்டனோடு ஒப்பிட முடியாது.

செம்மண்_சுற்று

பூலை நான் விதிவிலக்காகத்தான் பார்க்கிறேன். மற்ற பெயர்களையும் எடுத்துப் பாருங்கள். கவன்ட்ரி 2016க்குப் பிறகு தன் பிராண்டன் மைதானத்தில் ஓடவில்லை. லேக்சைட் 2018. 2023 முடிவில் வுல்வர்ஹாம்ப்டனுக்கு மான்மோர் கிரீன் மைதானம் போனது, பீட்டர்பரோவுக்குக் கண்காட்சித் திடல் போனது. கவன்ட்ரியும் வுல்வர்ஹாம்ப்டனும் மேல் லீக்கில் பட்டம் பார்த்த பெரிய அணிகள். கூட்டமும் வந்தது, கோப்பையும் வந்தது. நிலத்துக்காரர் மனம் மாறினார், அவ்வளவுதான்.

மறுபக்கம் லெஸ்டரின் பியூமான்ட் பார்க். பழைய மைதானம் போய் வருஷக்கணக்கில் ஊரில் ஸ்பீட்வேயே இல்லாமல் இருந்து, 2011இல் இந்த விளையாட்டுக்கென்றே கட்டிய சுற்று. அது இருந்ததால்தான் மேலே போகவும் கீழே வரவும் 2023இல் மறுபடி மேலே போகவும் அவர்களால் முடிந்தது.

புதுவரவு

சரி, ஒரு சந்தேகம். திங்கட்கிழமை மேல் லீக்கில் பார்த்த அதே வீரர் வெள்ளிக்கிழமை சாம்பியன்ஷிப்பில் வேறு உடையில் ஓடுகிறார். இது எப்படி அனுமதிக்கிறார்கள்?

ஹீட்_பதினைந்து

இரண்டு லீக்கிலும் ஓட அனுமதி உண்டு, அதற்கென்று விதிமுறைகள் இருக்கின்றன. வீரர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம் புரியும். அவர்களுக்குப் பெரும்பாலும் ஓடிய புள்ளிக்குத்தான் பணம். இன்ஜினைத் திறந்து சரிபார்க்க, டயருக்கு, வேனுக்கு டீசலுக்கு, மெக்கானிக்குக்கு என்று எல்லாம் அவர்கள் பையிலிருந்தே போகிறது. வாரத்துக்கு ஒரு மேட்ச் என்றால் கட்டுப்படியாகாது. போலந்து லீக்கில் இடம் கிடைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கே பறப்பார்கள், உண்மையான பணம் அங்கேதான்.

ரசிகர் பக்கத்திலிருந்து பார்த்தால் குழப்பம்தான். அதைவிட எனக்குப் பிடிக்காதது விருந்தினர் வீரர் முறை. ஒருவர் காயப்பட்டால் அவருடைய சராசரிக்கு உட்பட்ட இன்னொரு அணிக்காரரை அந்த ஒரு இரவுக்கு இரவல் வாங்கலாம். பிளே-ஆஃபில் (சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் போட்டிகள்) இரவல் வீரர் 13 புள்ளி எடுத்து ஒரு அணி இறுதிக்குப் போவதைப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை. அந்த இடத்தில் நம் ரிசர்வ் பையனை இறக்கித் தோற்றாலும் பரவாயில்லை என்று நினைப்பவன் நான்.

மெத்தனால்_வாசம்

ரிசர்வ் பையனை இறக்கிவிட்டு 60-30 என்று தோற்றால் அடுத்த வாரம் வாசலில் டிக்கெட் வாங்க யார் வருவார்கள் அண்ணே? காயம் இந்த விளையாட்டில் அன்றாடம். இரவல் முறை இல்லாவிட்டால் ஆகஸ்டில் பாதி மேட்சுகள் ஒருதலைப் பட்சமாகிவிடும்.

ஹீட்_பதினைந்து

லீக் மேட்சுக்கு இருக்கட்டும். பிளே-ஆஃபுக்கு வேண்டாம் என்பதுதான் என் நிலை. அதில் மாறமாட்டேன்.

எல்லைக்கோடு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பெர்விக் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

பெர்விக் பேண்டிட்ஸ் 1968இல் இரண்டாம் டிவிஷன் தொடங்கியபோதே இருந்த அணி. ஷீல்ஃபீல்ட் பார்க்கில் கால்பந்து அணியோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 1980இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? ஊருக்கு வெளியே, பெரிங்டன் லஃப் என்ற இடத்தில், சுற்றிலும் வயல்வெளியாக இருந்த நிலத்தில் ஒரு சுற்றைப் போட்டு 1982இலிருந்து ஓடினார்கள். காற்று அடித்தால் ஒதுங்க இடமில்லாத பகுதி அது. பத்து வருஷத்துக்கும் மேல் அங்கே சமாளித்துவிட்டு, 90களின் நடுவில் ஷீல்ஃபீல்டுக்கே திரும்பினார்கள். இன்றும் சனிக்கிழமை அங்கேதான்.

அந்த அணி இந்த இரண்டாம் அடுக்கில் லீக் பட்டம் எதுவும் வாங்கியதில்லை. ஆனாலும் இருக்கிறது. செம்மண் நிலம் என்கிறார், மெத்தனால் விதி என்கிறார். நான் ஆட்களைச் சொல்வேன். மேட்ச் நாளன்று காலையில் வந்து சுற்றுக்குத் தண்ணீர் விடுகிறவர், டிராக்டரில் மண்ணைச் சமன் செய்கிறவர், வேலிக்குப் பலகை அடிக்கிறவர், டேப் ஏறுவதற்கு முன் கேட்டில் கோலுடன் நிற்கிறவர். பலபேருக்குச் சம்பளம் கிடையாது. அவர்கள் போதுமான அளவு இருக்கிற ஊரில் மைதானம் போனாலும் விளையாட்டு திரும்பி வரும்.

செம்மண்_சுற்று

எல்லைக்கோடு அண்ணே, நீங்கள் சொன்னதற்கு வொர்கிங்டனே சாட்சி. டெர்வென்ட் பார்க்கை விட்ட பிறகு அந்த ஊர்க்காரர்கள் பக்கத்தில் நார்த்சைடில் சுற்று அமைத்து, 2023இல் மூன்றாம் அடுக்கில் தொடங்கி, 2024இல் சாம்பியன்ஷிப்புக்கே திரும்பினார்கள். சின்ன இடம்தான், பழைய ஸ்டாண்டின் கம்பீரம் இல்லை. ஆனால் அது ஸ்பீட்வேக்கென்று இருக்கும் இடம். ஆகவே ஆட்களும் வேண்டும், அவர்கள் உழைப்பு நிற்க ஒரு நிலமும் வேண்டும் என்று என் வாதத்தைக் கொஞ்சம் விரித்துக்கொள்கிறேன்.

நியூகாசிலை நினைத்தால்தான் வருத்தம். ப்ரஃப் பார்க்கில் நாய்ப் பந்தய நிறுவனத்தின் இடத்தில் ஓடி, 2022இல் சீசன் நடுவிலேயே நின்றது. அதற்கு முந்தின வருஷம் ஈஸ்ட்போர்னும் இப்படியே பாதியில். ஆதரித்தவர்களுக்குக் கடைசி மேட்ச் எது என்றே தெரியாமல் போய்விட்டது. விடைகொடுக்கவும் ஒரு இரவு கிடைக்கவில்லை.

கிளைட்_கரை

இந்த அடுக்கு ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: டான் பியூலி. கம்பிரியா பையன். வொர்கிங்டனில் வளர்ந்தவர். 2018இல் பெரிய விபத்தில் காயப்பட்டு அந்த சீசனின் மீதியை இழந்தார், அதனால் அந்த மூன்று கோப்பைகளின் கடைசிக்கட்டத்தில் அவர் இல்லை. 2021 அக்டோபரில் மான்செஸ்டரில் ராபர்ட் லாம்பர்ட்டோடு சேர்ந்து பிரிட்டனுக்கு ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் பட்டத்தை வாங்கிக்கொடுத்தார். 1989க்குப் பிறகு பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் உலக அணிப் பட்டம் அது. 2022இல் கார்டிஃபில் கிராண்ட் பிரியையும் (உலகத் தனிநபர் பட்டத்துக்கான தொடரின் ஒரு சுற்று) வென்றார்.

அந்தப் பையனை உருவாக்கிய சுற்று அப்போது மூடியிருந்தது. இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எல்லைக்கோடு

அதற்கும் முன்னால் கார்ல் ஸ்டோன்ஹ்யூவர். 2000ஆம் ஆண்டு வாக்கில் வொர்கிங்டனுக்காக இரண்டாம் அடுக்கில் ஓடிக்கொண்டே உலக கிராண்ட் பிரி தொடரிலும் ஓடினார். 'கீழ் லீக் வீரர்' என்று யாரும் அவரைத் தள்ளிவைக்க முடியவில்லை. சனிக்கிழமை டெர்வென்ட் பார்க்கில் பார்த்த மனிதரை உலகத்தின் சிறந்தவர்களோடு ஒரே கேட்டில் பார்க்கும் பெருமை அந்த ஊருக்குக் கிடைத்தது.

மெத்தனால்_வாசம்

சரி அண்ணே, நிலம் விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சராசரி வரம்பை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் மாற்றவேண்டும், அல்லது சொந்தமாக வளர்த்த வீரருக்குச் சராசரியில் சலுகை தரவேண்டும் என்பதை விடமாட்டேன். பியூலி மாதிரி ஒருவரை வளர்க்கும் ஊருக்கு அவரை வைத்துக்கொள்ள ஒரு காரணமாவது கொடுக்க வேண்டும்.

ஹீட்_பதினைந்து

சொந்த வீரருக்குச் சலுகை என்பதை நானும் ஆதரிக்கிறேன்.

புதுவரவு

ஆகஸ்டில் ஒரு வாரம் வடக்கே வருகிறேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் மேட்ச் பார்க்க முடியுமா? முன்பு ஒரு முறை மழையில் இரண்டு மணி நேரம் காத்திருந்து ரத்தானதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், பயமாக இருக்கிறது.

கிளைட்_கரை

வெள்ளிக்கிழமை கிளாஸ்கோ, இல்லாவிட்டால் எடின்பரோ அணி ஓடும் ஆர்மடேல். சனிக்கிழமை ரயிலைப் பிடித்து பெர்விக். அட்டவணையை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள், சில வாரம் இரண்டு அணியுமே வெளியூர் போயிருக்கும். மேட்ச் நாளில் மதியம் அணியின் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பு, மழையால் ரத்து என்றால் பெரும்பாலும் அதற்குள் சொல்லிவிடுவார்கள். டிக்கெட்டின் பாதியைத் தூக்கி எறியாதே. சில ஹீட் ஓடியபின் நின்றால் மறுமுறை உள்ளே விடுவார்களா என்பது அந்தந்த மைதானத்து விதி.

எல்லைக்கோடு

பெர்விக் வந்தால் தம்பி, நிகழ்ச்சிப் புத்தகமும் ஒரு பேனாவும் முதலில் வாங்கிக்கொள். அதில் ஒருவர் பெயருக்குப் பதிலாக 'ஆர்ஆர்' என்று போட்டிருந்தால், அவர் காயத்தில் இருக்கிறார், அவருடைய ஹீட்டுகளை மற்றவர்கள் பங்குபோட்டு ஓடுகிறார்கள் என்று அர்த்தம். யார் ஓடுகிறார்கள் என்பதை ஒலிபெருக்கியில் சொல்வார்கள், உடனே எழுதிக்கொள்ள வேண்டும். கேட்கத் தவறினால் பக்கத்தில் நிற்பவரைக் கேள், எல்லோரும் குறித்து வைத்திருப்பார்கள்.